முன்னால் நிற்கும் ‘இல்லை’

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு கடையிலிருந்து இறங்குகிறவர்கள் கையில், கடைப் பெயர் அச்சிட்ட பை ஒன்று தொங்கும். தொட்டால் துணி போலவே இருக்கும். பலரும் அதைத் துணிப்பை என்றே சொல்கிறார்கள். வியாபாரத்தில் அதன் பெயர் ‘நான்-ஓவன்’ பை, அதாவது நெய்யப்படாத பை. பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை மெல்லிய இழைகளாக இழுத்து, சூட்டாலும் அழுத்தத்தாலும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துச் செய்வது அது. அதில் பாவு கிடையாது, ஊடை கிடையாது, அது தறியைப் பார்த்ததும் கிடையாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது இந்தப் பையும் தடைப் பட்டியலில் இருந்தது. துணி என்று நம்பியிருந்த பலருக்கு அது பிளாஸ்டிக் என்பது அப்போதுதான் தெரியவந்தது. பெயரின் முதல் அசையைக் கவனித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

நெசவை நம்பி வாழும் ஊரில் ‘ஓவன்’ என்ற அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இன்னொரு எதிர்மறையும் உண்டு: ‘அன்ஓவன்’. இன்னும் தறியேறாத நூலை அப்படிச் சொல்லலாம். நெய்த பிறகு பிழை கண்டு இழை இழையாகப் பிரித்தெடுத்த துணியையும் அப்படிச் சொல்லலாம். ‘நான்-’ வந்தால் ஒரு பொருள். ‘அன்-’ வந்தால் இரண்டு பொருள். மூன்றையும் தமிழில் ‘நெய்யாத’ என்று எழுதிவிட்டால் பையும் நூலும் பிரித்த துணியும் ஒன்றாகிவிடும்.

பள்ளிக்கூடத்தில் இந்த முன்னொட்டுகள் எதிர்ச்சொல் பட்டியலாகவே அறிமுகமாகின்றன. ‘ஹேப்பி’க்கு ‘அன்ஹேப்பி’, ‘லீகல்’லுக்கு ‘இல்லீகல்’, ‘ஒபே’க்கு ‘டிஸ்ஒபே’. மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதுகிறார்கள். எந்தச் சொல்லுக்கு எந்த ஒட்டு என்பது மட்டும் மனதில் தங்குகிறது. அந்த ஒட்டு எந்த வகையான ‘இல்லை’யைச் சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் விட்டதன் விளைவு மொழிபெயர்ப்பிலும் செய்தித்தாளிலும் சட்டச் சொற்களிலும் தெரிகிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடக் கருவி வேண்டுமென்றால், காஞ்சியோடு உறவுள்ள இலக்கண, தத்துவ மரபிலேயே அது கூர்மையாக இருக்கிறது.

இரண்டு வழியாக வந்த ஒரே ஒட்டு

தமிழில் மறுப்பு வினையின் வாலில் இருக்கிறது. வரவில்லை, வராது, வரமாட்டான், வராதே, வராமல், வராத என்று எத்தனை வடிவம் எடுத்தாலும் ‘வர’ என்பது முதலில் வந்துவிடும். மறுப்பு பிறகுதான் வரும். பழந்தமிழில் இன்னும் வியப்பான அமைப்பு உண்டு. செய்கிறேன், செய்தேன், செய்வேன் மூன்றிலும் காலம் காட்டும் இடைநிலை இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ‘செய்’யோடு ‘ஏன்’ விகுதியை நேராகச் சேர்த்தால் ‘செய்யேன்’. ராபர்ட் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இந்த எதிர்மறை வினையைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். காலமே குறிக்காமல் விட்டால் செயல் நடக்கவில்லை என்றாகிறது.

ஆங்கிலம் இதற்கு நேர்மாறாக, ‘இல்லை’யைச் சொல்லின் வாசலிலேயே நிறுத்துகிறது. அந்த வாசற்காவலர்கள் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். ‘அன்-’ பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து. ‘இன்-’, ‘டிஸ்-’, ‘நான்-’ மூன்றும் லத்தீனிலிருந்து, பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக வந்தவை. ‘ஏ-’, ‘ஆன்-’ இரண்டும் கிரேக்கம். ‘மிஸ்-’ ஜெர்மானிய வேர். ஒரே வேலைக்கு இத்தனை ஆள் இருப்பதால்தான் எந்தச் சொல்லுக்கு எது என்று மாணவர்கள் திண்டாடுகிறார்கள்.

லத்தீன் ‘இன்-’ மட்டும் அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து உடை மாற்றிக்கொள்ளும். பகரத்துக்கு முன் ‘இம்பாசிபிள்’, லகரத்துக்கு முன் ‘இல்லீகல்’, ரகரத்துக்கு முன் ‘இர்ரெகுலர்’. ஆங்கிலேய மாணவர்களுக்கு இது மனப்பாட விதி. ‘மரம்’ என்பது ‘கள்’ளோடு சேரும்போது ‘மரங்கள்’ ஆவதைத் தினமும் வாயால் செய்யும் தமிழருக்கு இது புணர்ச்சி, விளக்கவே வேண்டாம்.

இதே வகை ஒட்டு காஞ்சிக்கு இன்னொரு வழியாக வெகுகாலத்துக்கு முன்பே வந்துவிட்டது. சமஸ்கிருதத்தின் ‘அ-’ அது. மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘அ’: அநீதி, அதர்மம். உயிரெழுத்துக்கு முன் ‘அன்’: அனர்த்தம், அனாவசியம். ‘ஏக’த்துக்கு முன்னால் வந்தது ‘அநேகம்’. ஒன்று அல்ல என்று மறுத்தே ‘பல’ என்ற பொருளைப் பெற்ற சொல். கிரேக்கத்திலும் அதே விதிதான். கடவுள் மறுப்பாளரான ‘ஏதீஸ்ட்’டில் ‘ஏ’. அரசின்மையான ‘அனார்க்கி’யில் ‘அன்’.

இது தற்செயலாக நேர்ந்த ஒற்றுமை அல்ல. சமஸ்கிருத ‘அ-’, கிரேக்க ‘ஏ-’, லத்தீன் ‘இன்-’, ஆங்கில ‘அன்-’ நான்கும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ஒரே மூக்கொலியிலிருந்து பிறந்தவை. 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க, லத்தீன் மொழிகளுக்கும் ஒரே மூலம் இருக்க வேண்டும் என்று பேசினார். 1816-இல் சென்னையில் எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் அந்தக் குடும்பத்தைச் சேராத தனிக் குடும்பம் என்று எடுத்துக்காட்டினார். மடத்து வாசலில் எழுதியிருக்கும் ‘அத்வைதம்’ என்ற சொல்லின் முதலெழுத்தும், பேருந்து நிலையத்துக் கடைப் பலகையில் இருக்கும் ‘அன்லிமிடெட் மீல்ஸ்’ என்பதன் முதல் அசையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தமிழ் இரண்டையும் விருந்தாளிகளாக வைத்துக்கொண்டது. தன் வினையில் மறுப்பைத் தன் வழியிலேயே சொல்லி வந்தது.

ஓர் எழுத்தின் மேல் எழுந்த வாதம்

முன்னால் நிற்கும் அந்த ‘அ’ எதை மறுக்கிறது என்ற கேள்வி, தமிழகச் சமய வரலாற்றில் பெரிய விவாதம். ‘துவைதம்’ என்றால் இரண்டாக இருத்தல். ‘அத்துவிதம்’ என்றால்? இரண்டாவது என்ற ஒன்றே கிடையாது என்பதா? இரண்டு என்று சொல்ல முடியாதபடி இருக்கிறது என்பதா?

இந்தக் கேள்வியைச் சொல்லிலக்கணமாகவே எடுத்துப் பிரித்தவர்கள் சைவ சித்தாந்த ஆசிரியர்கள். மறுக்கும் ‘அ’வுக்கு இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள் உண்டு என்பது இலக்கண மரபு. ‘அரூபம்’ என்றால் உருவம் இல்லாதது, இது இன்மை. ‘அசைவம்’ என்ற இன்றைய சொல்லை எடுத்துக்கொண்டால், சைவம் அல்லாதது, இது அன்மை. ‘அதர்மம்’ தருமத்துக்கு எதிரானது, இது மறுதலை. சங்கரரின் அத்வைதம் அந்த ‘அ’வை இன்மைப் பொருளில் கொள்கிறது, மத்துவ மதம் மறுதலைப் பொருளில் கொள்கிறது, சித்தாந்தம் அன்மைப் பொருளில் கொள்கிறது என்று சித்தாந்த நூல்கள் வகுத்துக் காட்டும். உயிரும் இறையும் பொருளால் ஒன்றல்ல. ஆனால் இரண்டு என்று பிரித்துக் காட்டவும் முடியாது என்பது அவர்கள் நிலை. ‘அத்துவிதம்’ என்ற சொல்லுக்கு ‘ஒன்று’ என்று பொருள் சொல்வது பொருந்தாது என்பதை 13-ஆம் நூற்றாண்டிலேயே மெய்கண்டார் சிவஞானபோதத்தில் எடுத்துப் பேசினார்.

மெய்கண்டாரின் அந்த நூலுக்குப் பேருரையான மாபாடியம் எழுதியவர் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர். 1785-இல் மறைந்த அவர்தான் காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டத்தையும் பாடினார். இரண்டாம் காண்டம் அவர் மாணவர் கச்சியப்ப முனிவருடையது. நன்னூல் விருத்தியுரையைத் திருத்தி அமைத்ததும், தொல்காப்பியத்துக்குச் சூத்திர விருத்தி எழுதியதும் இதே முனிவர்தான். இலக்கணமும் சமயமும் ஒரே கையில் இருந்ததால்தான் ஓர் எழுத்தின் பொருளை இத்தனை நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

சமஸ்கிருத இலக்கண நூலார் மூன்றோடும் நிற்கவில்லை. ஒப்புமை, இன்மை, வேறாதல், சிறுமை, இழிவு, எதிர் என ஆறாகப் பிரித்தார்கள். இதில் ‘சிறுமை’ விசித்திரமாகத் தோன்றும். வயிறு ஒட்டிய பெண்ணை ‘வயிறில்லாதவள்’ என்று சொல்வது அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. வயிறு இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது. ஆங்கில மருத்துவத்திலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. ‘அனீமியா’ என்ற கிரேக்கச் சொல்லை அப்படியே பிரித்தால் ‘இரத்தம் இல்லாமை’. இரத்தமே இல்லாமல் யாரும் உயிரோடு இருக்க முடியாது. அங்கே ‘அன்’ குறைவைத்தான் சொல்கிறது.

மூன்று தட்டில் ஆங்கிலச் சொற்கள்

இந்த மூன்று தட்டுகளையும் வைத்துக்கொண்டு ஆங்கிலச் சொற்களை நிறுத்துப் பார்க்கலாம்.

இன்மைத் தட்டு எளிது. ‘அன்எம்ப்ளாய்மென்ட்’ வேலையின்மை. ‘இன்சோம்னியா’ தூக்கமின்மை. கொரோனா நாட்களில் எல்லார் காதிலும் விழுந்த ‘ஏசிம்ப்டமேடிக்’, அறிகுறியற்ற நிலை. ஒட்டுகள் வேறு வேறு; பொருள் ஒன்று. தமிழில் இவை ‘இன்மை’, ‘அற்ற’, ‘இல்லா’ என்பவற்றில் தாமாகவே போய் அமர்ந்துகொள்கின்றன.

அன்மைத் தட்டில் ‘நான்-’ தனியாகக் கோலோச்சுகிறது. அதற்குக் கோபமும் கிடையாது, பாராட்டும் கிடையாது. உலகத்தை இரண்டாகப் பிரித்து, இது அந்தப் பக்கம் என்று மட்டும் காட்டும். ‘நான்-வெஜ்’ அப்படிப்பட்டது. தமிழ் அதற்கு ‘அசைவம்’ என்று ஈடு கொடுத்தது. சிவனை வழிபடும் நெறியின் பெயர் மரக்கறி உணவின் பெயராகி, அதன் முன்னால் வடமொழி ‘அ’ ஏறி, ஏகாம்பரநாதர் கோயில் உள்ள ஊரில் ஓட்டல் பலகையில் நிற்கிறது. ‘நான்-ஃபிக்‌ஷன்’ என்பதற்கு இலக்கியப் பத்திரிகைகள் ‘அபுனைவு’ என்று எழுதுகின்றன. புனைவு தமிழ்ச் சொல். ‘அ’ வடமொழி ஒட்டு. கலப்பு என்று இதை வெறுப்பவர்கள் ‘புனைவல்லாத’ என்று எழுதலாம். ஆனால் கலப்பு புதிதல்ல. ‘துர்நாற்றம்’ எல்லார் வீட்டிலும் புழங்குகிறது. அதில் நாற்றம் தமிழ், ‘துர்’ வடமொழி. நாற்றம் நறுமணத்தையும் குறித்த காலம் ஒன்று இருந்தது என்பதை அந்த ஒட்டே நினைவூட்டுகிறது.

தமிழின் தனிச்சிறப்பு, இன்மைக்கும் அன்மைக்கும் இரண்டு வேர்களை வைத்திருப்பது. ‘இல்’ இருப்பை மறுக்கும். ‘அல்’ அடையாளத்தை மறுக்கும். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் கொடிமரத்துக்கு அருகே காணப்படும் அறிவிப்பு, ‘இந்துக்கள் அல்லாதோருக்கு அனுமதி இல்லை’ என்கிறது. அல்லாதோர், இல்லை: இரண்டும் ஒரே வரியில், தத்தம் இடத்தில். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘நான்-’ வேண்டும், இரண்டாவதற்கு ‘நாட்’ அல்லது ‘நோ’ வேண்டும். பேச்சுத்தமிழில் இன்று ‘அது நான் இல்லை’ என்று ‘அல்ல’வின் இடத்தையும் ‘இல்லை’யே பிடித்துக்கொண்டுவிட்டது. எழுத்திலாவது இந்த வேறுபாட்டைக் காப்பாற்றினால், ஆங்கிலத்தின் ‘நான்-’ சொற்களைப் பெயர்ப்பதில் பாதி வேலை முடிந்துவிடும்.

மறுதலைத் தட்டில் உணர்ச்சியும் தீர்ப்பும் வந்துவிடுகின்றன. ‘ஹியூமன்’ என்ற சொல்லையே பார்க்கலாம். ‘நான்-ஹியூமன்’ என்றால் மனிதர் அல்லாதவை. கோயில் யானையும் தெப்பக்குளத்து மீனும் அதில் அடங்கும், யாருக்கும் அவமதிப்பில்லை. ‘இன்ஹியூமன்’ என்றால் மனிதத்தன்மையற்ற கொடுமை; அதைச் செய்யக்கூடியது மனிதர் மட்டுமே. ‘இம்மாரல்’ ஒழுக்கத்துக்கு எதிரானது. ‘ஏமாரல்’ ஒழுக்கம் என்ற அளவுகோலுக்கே உட்படாதது. புயல் ஒரு ஊரை அழித்தால் அது ‘ஏமாரல்’. ‘இம்மாரல்’ என்று சொன்னால் புயலுக்கு மனசாட்சி உண்டென்று ஆகும்.

‘டிஸ்இன்ட்ரஸ்டட்’, ‘அன்இன்ட்ரஸ்டட்’ இரண்டும் ஆங்கிலேயரையே குழப்புகின்றன. முதலாவது, வழக்கில் தனக்கு ஆதாயம் எதுவும் இல்லாதவர். இரண்டாவது, வழக்கில் அக்கறையே இல்லாதவர். நீதிபதி முதல் வகையாக இருக்க வேண்டும். இரண்டாம் வகையாக இருந்தால் வழக்காடிகளின் கதி என்ன ஆகும்? ஆங்கிலத்திலேயே இவ்விரண்டும் கலந்து வழங்குவது பெருகிவிட்டதால், படிப்பவர்கள் இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. ‘சார்பற்ற’, ‘ஆர்வமற்ற’ என்று தமிழ் இரண்டு வேர்களைப் போட்டுவிடுவதால் இங்கே அந்தக் குழப்பம் இல்லை.

‘முடியாத’ என்று எழுதியதால் வந்த குழப்பம்

அன்மையை வேறொன்றாக மொழிபெயர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாள்தோறும் சாட்சி சொல்லும் தொடர் ஒன்று செய்தித்தாள்களில் இருக்கிறது: ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவுகளில் வழக்குப் பதிவு’. அடுத்த வாரமோ அடுத்த மாதமோ அதே நபருக்கு ஜாமீன் கிடைத்த செய்தியும் வரும். வாசகர்கள் அதிர்ச்சி அடைகிறார்கள். முடியாது என்றார்களே, எப்படி வந்தார்? பணம் விளையாடிவிட்டது, செல்வாக்கு வேலை செய்துவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள்.

மூலச் சொல் ‘நான்-பெய்லபிள்’. 1973-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்திலும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவிலும் இதற்கான விளக்கம் மிகச் சுருக்கம். ஜாமீன் பெறத்தக்க குற்றங்கள் எவை என்று முதலில் சொல்லிவிட்டு, மற்ற எந்தக் குற்றமும் ‘நான்-பெய்லபிள்’ என்கிறது சட்டம். இதைவிடத் தூய்மையான அன்மை கிடையாது. முதல் வகைக் குற்றங்களில் ஜாமீன் கேட்பவரின் உரிமை. மற்றவற்றில் அது உரிமை அல்ல. நீதிமன்றம் சூழ்நிலையைப் பார்த்துத் தரலாம், மறுக்கலாம். கதவு பூட்டியிருக்கவில்லை, திறப்பதும் திறக்காததும் நீதிபதியின் முடிவு என்பதுதான் பொருள்.

‘முடியாத’ என்ற சொல் அந்த அன்மையை இயலாமையாக மாற்றிவிட்டது. ‘உரிமையாக ஜாமீன் பெற இயலாத’ என்று ஒரு சொல்லைக் கூட்டியிருந்தாலே போதும். நீதிமன்றத்தின் மேல் மக்களுக்கு வரும் சந்தேகங்களில் ஒரு பங்கு இந்தச் சிறிய மொழிபெயர்ப்புப் பிழையால் விளைகிறது என்பதை நினைத்தால் முன்னொட்டு சின்ன விஷயமாகத் தெரியாது.

அவிழ்ப்பது, நீக்குவது, பிழைப்பது

மூன்று தட்டிலும் அடங்காத சில உண்டு. அவற்றை விளக்கப் பட்டுத் தொழிலைவிட நல்ல பாடசாலை கிடையாது.

பெயரடைக்கு முன்னால் வரும் ‘அன்-’ வேறு, வினைக்கு முன்னால் வரும் ‘அன்-’ வேறு. உச்சரிப்பு ஒன்றானாலும் பிறப்பு வேறு. இரண்டாவதன் உறவினர் ஜெர்மன் மொழியின் ‘என்ட்-’. ‘அன்கைண்ட்’ என்றால் இரக்கமற்ற. ‘அன்டை’ என்றால் கட்டியதை அவிழ். கட்டாமல் இருப்பதும் கட்டியதை அவிழ்ப்பதும் ஒன்றல்ல. ‘அன்லாக்கபிள்’ என்ற சொல் இந்த இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது: பூட்டவே முடியாத கதவும் அதுதான், பூட்டைத் திறக்கக்கூடிய கதவும் அதுதான். ‘அன்ஓவன்’ இரண்டு பொருள் தருவதும் இதனால்தான். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோத்துச் சேர்க்கும் கோர்வைப் புடவையில் ஓரிடத்தில் இழை தப்பினால், நெய்தவர் அந்த இடம்வரை பிரித்துக்கொண்டு வர வேண்டும். நெய்யாத நாளில் கூலி இல்லை. பிரிக்கும் நாளில் கூலியும் இல்லை, நெய்த உழைப்பும் போயிற்று. அந்த வேறுபாட்டைத் தமிழில் ‘நெய்யாத’, ‘பிரித்த’ என்ற இரண்டு சொற்கள் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன.

‘டி-’ நீக்கத்தின் ஒட்டு. கச்சாப் பட்டு நூலின்மேல் செரிசின் என்ற பசை படிந்திருக்கும். சோப்பு கலந்த கொதிநீரில் வேகவைத்து அதை எடுத்தால்தான் பட்டுக்கு மினுமினுப்பு வரும், சாயம் ஏறும். ஆங்கிலத்தில் இதற்கு ‘டிகம்மிங்’ என்று பெயர். நூலின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குவரை இந்த வேலையில் குறைந்துவிடும். இங்கே ‘டி-’ எதையும் மறுக்கவில்லை. இருந்த ஒன்றை ஒருவர் எடுத்துவிட்டார் என்கிறது. எடுத்தவர் ஒருவர் உண்டு என்பது முக்கியம்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது ‘டிமானிடைசேஷன்’ என்ற சொல்லைத் தமிழ்ப் பத்திரிகைகள் அவசரமாகப் பெயர்த்தன. சிலர் ‘பணமதிப்பிழப்பு’ என்றார்கள், சிலர் ‘பணமதிப்பு நீக்கம்’ என்றார்கள். முதலாவதே பெரிதும் வழங்கியது. இலக்கணப்படி இரண்டாவதே சரி. இழப்பு தானாகவும் நேரும். மழையில் பயிர் இழப்பு நேர்வதுபோல. நீக்கத்துக்குச் செய்தவர் ஒருவர் வேண்டும். ‘டி-’யில் இருந்த அந்த எழுவாய் ‘இழப்பு’ என்ற சொல்லில் மறைந்துபோயிற்று. ரூபாயின் மதிப்புக் குறைப்போடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளவும் அது இடம் கொடுத்தது.

‘மிஸ்-’ பிழையின் ஒட்டு. ‘யூஸ்’ என்ற ஒரே சொல்லைத் தறியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லா ஒட்டும் வெளிச்சமாகும். வாங்கி நிறுத்தி இன்னும் ஒரு புடவைகூட இறக்காத தறி ‘அன்யூஸ்டு’. தலைமுறைகளாக ஓடி, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனபின் மூலையில் நிற்கும் குழித்தறி ‘டிஸ்யூஸ்டு’. கைத்தறி என்று முத்திரை குத்தி விசைத்தறித் துணியை விற்றால் அந்த முத்திரை ‘மிஸ்யூஸ்டு’. பயன்படாத, வழக்கொழிந்த, தவறாகப் பயன்படுத்திய: மூன்று வேறு கதைகள். இவற்றை எதிர்ச்சொல் என்ற ஒரே பெட்டியில் போட முடியுமா?

முகமூடி போட்ட ஒட்டுகள்

மறுப்பு போலத் தோன்றி மறுக்காதவையும் உண்டு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைக் கடந்து போகும் டேங்கர் லாரிகளின் முதுகில் ‘ஹைலி இன்ஃபிளேமபிள்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். ‘இன்-’ மறுப்பென்று நினைப்பவர் தீப்பிடிக்காது என்று பொருள் கொள்வார். அந்த ‘இன்-’ மறுப்பது அல்ல. ‘உள்ளே’ என்று பொருள்படும் வேறொரு லத்தீன் ஒட்டு. எளிதில் தீப்பற்றும் என்பதே பொருள். உயிருக்கே ஆபத்தான இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க 20-ஆம் நூற்றாண்டில் தீப் பாதுகாப்பு அமைப்புகள் ‘ஃபிளேமபிள்’ என்ற சொல்லை முன்வைத்தன. இரண்டு சொல்லுக்கும் இன்று ஒரே பொருள்.

‘இன்வேல்யுவபிள்’ மதிப்பில்லாதது அல்ல, மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. இதைக் கேட்டு ஆங்கிலம் விசித்திரமான மொழி என்று சொல்கிறவர்கள் தமிழையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். ‘மதிப்பற்ற’ என்றால் ஒன்றுக்கும் ஆகாதது. ‘விலைமதிப்பற்ற’ என்றால் விலைகொடுத்து வாங்க முடியாதது. முன்னால் ஒரு ‘விலை’ சேர்ந்ததும் இழிவு உயர்வாகிவிட்டது.

தமிழிலும் மறுப்பின் சுவடு தேய்ந்துபோன சொற்கள் உண்டு. பொறாமை என்பது ‘பொறு’ என்ற வினையின் எதிர்மறை. பிறர் வாழ்வைப் பொறுக்க மாட்டாமை. இன்று அதைச் சொல்பவர் எவருக்கும் அதில் ஒரு ‘இல்லை’ இருப்பது நினைவில் இல்லை. ‘டிஸ்கிரன்டில்டு’ என்ற ஆங்கிலச் சொல்லை மனக்குறைக்குப் பயன்படுத்துகிறவர்களுக்கு ‘கிரன்டில்டு’ என்ற சொல் தெரியாததுபோல.

‘ஆமை’ கொடுத்த வலிமை

காஞ்சியைச் சேர்ந்தவர் என்று மரபு சொல்லும் பரிமேலழகர் உரை எழுதிய திருக்குறளில், அதிகாரத் தலைப்புகளைப் புரட்டினாலே தமிழ் எதிர்மறையின் செழுமை தெரியும். அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை, கள்ளாமை, வெகுளாமை, கொல்லாமை. செய்யாமல் இருப்பதையே அறமாகப் பெயரிட்ட சொற்கள். ‘கல்லாமை’யில் அதே விகுதி குறையைச் சொல்கிறது. அருகருகே ‘புலால் மறுத்தல்’ என்றும் தலைப்பு உண்டு. அங்கே ‘மறு’ என்ற வினை வந்து, முன்னால் வைத்ததை வேண்டாம் என்று தள்ளுவதாக ஆகிறது.

இந்த இரண்டு வழிகளும் விடுதலைப் போராட்டக் காலத்தில் பெரிதாகக் கைகொடுத்தன. 1920-இல் காந்தி தொடங்கிய ‘நான்-கோஆபரேஷன்’ தமிழில் ஒத்துழையாமை ஆனது. 1930-இல் வேதாரண்யம்வரை உப்புக்காக நடந்தபோது ‘சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்’ சட்டமறுப்பு ஆனது. ‘கீழ்ப்படியாமை’ என்று எழுதியிருந்தால் பிள்ளைகளின் அடங்காமைபோல ஒலித்திருக்கும். ‘டிஸ்-’ என்ற ஒட்டுக்குள் இருந்த எதிர்ப்பைக் கண்டுகொண்டு ‘மறுப்பு’ என்று எடுத்தவர்கள் மொழியை நன்கு அறிந்தவர்கள். அகிம்சை ஆங்கிலத்தில் ‘நான்-வயலன்ஸ்’ ஆனதும் உலகறிந்தது. பட்டுப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறிய பிறகு எடுக்கும் நூலுக்கு இன்று ‘அகிம்சைப் பட்டு’ என்று பெயர். குறளின் ‘கொல்லாமை’ அதற்கு இன்னும் நேரான சொல்.

அரசமைப்பின் 17-ஆம் பிரிவு ஒழித்த ‘அன்டச்சபிலிட்டி’க்குத் தமிழில் தீண்டாமை. ஆங்கிலச் சொல் ஒரு மனிதரின் தன்மைபோல ஒலிக்கிறது. ‘தீண்டாமை’ தீண்ட மறுக்கிறவரின் செயலைச் சுட்டுகிறது. குற்றம் எங்கே இருக்கிறது என்பதைத் தமிழ்ச் சொல் சரியாகக் காட்டுகிறது. ‘அன்ஆர்கனைஸ்டு’ தொழிலாளர்களை ‘அமைப்புசாரா’ என்று அழைத்ததும் அத்தகைய நல்ல தேர்வு. கூட்டுறவுச் சங்கத்தில் சேராமல் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்கிறவர் ஒழுங்கில்லாதவர் அல்ல, அது ‘டிஸ்ஆர்கனைஸ்டு’. அவர் ஓர் அமைப்பைச் சாராதவர், அவ்வளவே. ‘டிஸ்ஏபிள்டு’ என்பதில் உள்ள ‘டிஸ்-’ஸைத் தமிழ் முற்றாகவே விட்டுவிட்டது. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில் ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ அரசு வழக்கில் வந்தது; குறையைச் சொன்ன இடத்தில் திறன் வந்தது.

அண்ணா பிறந்த இந்த ஊரில் ‘நாத்திகம்’ என்ற சொல்லும் அடிக்கடி ஒலித்தது. ‘ந அஸ்தி’, அதாவது ‘இல்லை’ என்பதே அதன் உடம்பு. ‘அஸ்தி’, உண்டு என்பது ஆத்திகம். மெய்கண்டார் அத்துவிதத்துக்கு விளக்கம் சொன்னபோது கையாண்டதும் ‘நாத்தி’ என்ற இதே சொல்தான். இறைக்கு வேறாக உயிர் நிற்பதில்லை என்பதை அவர் ‘அந்நிய நாத்தி’ என்றார். ஒரே ‘இல்லை’ தமிழ் மண்ணில் கடவுளை நெருங்கவும் பயன்பட்டது, கடவுளை மறுக்கவும் பயன்பட்டது.

இத்தனையும் கையில் இருக்கும்போது பள்ளியில் எதிர்ச்சொல் பட்டியல் மட்டும் போதாது. காஞ்சிபுரத்துப் பள்ளி ஒன்றில், வீட்டில் தறி இருக்கும் பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஆங்கில ஆசிரியர் மூன்று பொருள்களை மேசைமேல் வைக்கலாம்: கடைப் பை ஒன்று, பாவோடாத நூல்கட்டு ஒன்று, பிரித்தெடுத்த துணித்துண்டு ஒன்று. எதற்கு ‘நான்-’, எதற்கு ‘அன்-’, இரண்டு ‘அன்-’னில் எது எது என்று கேட்கலாம். பிறகு தமிழாசிரியர் அதே மூன்றையும் எடுத்து, அல்லாத, இல்லாத, பிரித்த என்று பெயர் சூட்டச் சொல்லலாம். இழையைத் தொட்டுப் பழகிய விரல்கள் அந்தப் பாடத்தை மறக்காது.